ஆறு குழி ஆட்டம்

1972 மார்ச் ஆறாம் தேதி, காலை ஐந்து நாற்பத்தெட்டு ரயில் கொரட்டூரைத் தாண்டியபோது, கோதண்டம் ஏரிக்குள் குனிந்து பந்து தேடிக்கொண்டிருந்தார்.

ஏரி பாதி வற்றியிருந்தது. வற்றிய பக்கம் தரை வெடித்துக் கிடந்தது. எந்த வெடிப்பிலும் பந்து நுழைந்திருக்கலாம். இருந்தது ஒரே பந்து. அதுவும் இரவல்.

இரவல் கொடுத்த வேம்புலி கரைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கோதண்டம் சூப்பர்வைசராக இருக்கும் பம்பு தொழிற்சாலையில் அவர் வாட்ச்மேன். அதற்கு முன் பதினைந்து வருடம் பட்டணத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களின் பையைச் சுமந்தவர், அவர்கள் தொலைத்த பந்தைத் தேடிக் கொடுத்தவர். இப்போது தேடவில்லை. கற்றுக்கொடுக்கிறவன் தேடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தலயத் தூக்கின இல்ல? அதான் பால் பூடுச்சு," என்றார்.

பாடம் நடக்கும்போது மட்டும் வேம்புலி அவரை ஒருமையில் பேசுவார். ஆறரைக்குத் தொழிற்பேட்டைச் சங்கு ஊதியதும் பன்மைக்குத் திரும்பிவிடுவார். பேசி வைத்துக்கொண்டதல்ல. அப்படி அமைந்துவிட்டது.

எருமை ஓட்டிவந்த குப்பம்மா கோதண்டத்தைப் பார்த்து நின்றாள். அவர் கையில் ஒரு குடை தலைகீழாக இருந்தது. மட்டை வாங்கும் வரை குடையின் வளைந்த பிடியால்தான் பயிற்சி.

"இன்னா சாமி தேட்றே?"

நாற்பத்தாறு வயதில் பந்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"மோதிரம்," என்றார்.

குப்பம்மா எருமையை விட்டுவிட்டுக் கரைப் பக்கம் குரல் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் ஏழு பேர் ஏரிக்குள் இறங்கினார்கள். ஒழுங்காகத் தேடினார்கள். ஒருவர் வெடிப்பிலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மோதிரம் இல்லை என்பதால் தண்ணீர்ப் பக்கம் வீசி எறிந்தார். அது போய் விழுவதைக் கோதண்டம் பார்த்தார். கரைமேலிருந்து வேம்புலியும் பார்த்தார்.

எட்டு மணிக்குக் குப்பம்மா கோதண்டத்தின் வீட்டு வாசலில் நின்றாள். மோதிரம் கிடைக்கவில்லை, சாயங்காலம் பட்டரைவாக்கத்திலிருந்தும் ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கோதண்டத்தின் மனைவி வசந்தகுமாரி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"மோதிரம் விரல்லதான் இருக்கு. நீங்க எதைத் தொலைச்சீங்க?"

அவர் சொன்னார்.

தொழிற்சாலையில் ஒர்க்ஸ் சூப்பரின்டெண்ட் திருவேங்கடம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோதண்டம். இன்னொருவர் டூல் ரூம் பொறுப்பாளர் லட்சுமணன். லட்சுமணனுக்கு முப்பத்தெட்டு வயது. அவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருபது வருடம் ஆகும். அதற்குள் கோதண்டம் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியிருக்கும்.

பதவி உயர்வுக்கு அங்கே எழுதாத விதி ஒன்று இருந்தது. முந்தைய மானேஜர் மாதாமாதம் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுவார். கூடவே ஏறியவர் திருவேங்கடம். திருவேங்கடம் நாமம் போடுகிற குடும்பம். நாலு வருடம் விபூதி பூசிக்கொண்டு ஏறினார். சூப்பரின்டெண்ட் ஆனார்.

புதிய மானேஜர் கங்காதரன் கல்கத்தாவிலிருந்து வந்தவர். கோயிலுக்குப் போவதில்லை. சீட்டு ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடுவார். வேறு வழி எதுவும் கோதண்டத்துக்குத் தெரியவில்லை.

வசந்தகுமாரி எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"லட்சுமணன் ஆடுவாரா?"

"இல்ல."

"அப்ப குடையை வெச்சிட்டு மட்டை வாங்குங்க."

வாங்கினார். பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடையில், ஊருக்குத் திரும்பிப்போன யாரோ ஒரு துரையின் தோல் பை கிடைத்தது. உள்ளே இரும்பு மட்டை இரண்டு, பந்து ஒன்பது. ஏரியில் மோதிரம் தேடுகிறவர்கள் பெருகிவிட்டதால் பயிற்சி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மனைக்கு மாறியிருந்தது. அங்கே வைத்து வேம்புலி ஒரு மட்டையை எடுத்தார். கீழே ஊன்றிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"இது பீச்சாங்கைக்காரன் ஸ்டிக்கு," என்றார்.

கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். இடது கையால் பழகலாமா என்று கோதண்டம் கேட்டார். சோற்றுக் கையாலேயே இன்னும் பந்தில் படவில்லை என்பதை வேம்புலி நினைவுபடுத்தினார்.

கோதண்டம் பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் இருப்பவர். இரும்பு தவறாக இருந்தால் இரும்பைத் திருத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. டூல் ரூமில் வெல்டர் மதுரைவீரனிடம் மட்டைகளைக் கொடுத்தார். கழுத்தை அறுத்து, தலையின் மறுகோடியில் ஒட்ட வேண்டும். மதுரைவீரன் செய்கிறேன் என்றார். ஜாப் கார்டு கேட்டார்.

ஜாப் கார்டு இல்லாமல் டூல் ரூமில் ஓர் ஆணியைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் கோதண்டம்தான். அவர் கார்டு எழுதினார். பொருள்: இழுப்புக் கொக்கி. எண்ணிக்கை: இரண்டு.

வேலை அன்றே முடிந்தது. ஆனால் முடிந்த பொருள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போக வேண்டும். இழுப்புக் கொக்கிக்கு வரைபடம் இல்லை என்று அங்கே நிறுத்திவிட்டார்கள். கோதண்டம் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து வரைபடம் வரைந்தார். வரைபடத்துக்கு டூல் ரூம் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும்.

லட்சுமணன் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பொருளைப் பார்த்தார். லட்சுமணன் நல்லவர். அது கோதண்டத்துக்கு எப்போதும் இடைஞ்சலாக இருந்தது.

"கொக்கின்னு இருக்கே அண்ணே. இது கோல்ஃப் மட்டை ஆச்சே. பேரு தப்பா இருந்தா ஆடிட்ல உங்களைக் கேப்பாங்க," என்றார். தானே அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். விதிப்படி ஒரு நகலை மானேஜர் அறைக்கு அனுப்பினார்.

மறுநாள் கங்காதரன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் நகல் இருந்தது.

"நீங்க ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே கோதண்டம். எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா சார்."

ஒன்பது நாள் ஆகியிருந்தது. கங்காதரன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தன் மட்டைக்குத் தானே வரைபடம் போடுகிற ஆளைக் கல்கத்தாவிலும் பார்த்ததில்லை என்றார். இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரச் சொன்னார். ஆறு குழி ஆடலாம். சூப்பரின்டெண்ட் விஷயத்தில் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகவும், மறுநாள் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஆர்டர் வந்துவிடும் என்றும் சொன்னார்.

ஆட்டம் ஞாயிறு. ஆர்டர் திங்கள். கோதண்டம் அன்று மாலை வீடு வரை நடந்தே போனார்.

மீதி நாட்களில் அவர் காலையும் மாலையும் அடித்தார். ஒட்டிய மட்டை கனத்தது. வலது தோள் வீங்கியது. வசந்தகுமாரி சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். பந்து பத்தில் நாலு முறை நகர்ந்தது. நாலில் ஒரு முறை முன்னால் போனது.

சனிக்கிழமை வேம்புலி ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தோற்பதைப் பற்றிப் பேசினார். பதினைந்து வருடத்தில் கீழ் அதிகாரிகள் மேல் அதிகாரிகளிடம் தோற்பதைத்தான் அவர் அதிகம் பார்த்திருந்தார்.

"ஜெயிக்கக் கூடாது. அது நீ ஜெயிக்க மாட்டே, வுடு. ஆனா ரொம்பத் தோக்கவும் கூடாது. ரொம்பத் தோத்தா அவுருக்கு ஆட்னா மாரியே இருக்காது. ஆறுல நாலு அவுருக்கு, ரெண்டு உனக்கு. அவுருக்கு வேர்க்கணும். ஆனா பயம் வரக் கூடாது."

கோதண்டம் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். நாலு, இரண்டு.

ஞாயிறு காலை மைதானம் பரந்து காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணலைத் தட்டி வைத்திருந்தார்கள். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு அந்தக் குழி. கோதண்டத்தின் பையைச் சுமக்க வேம்புலி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கங்காதரனின் வழக்கமான ஆள் செங்கல்வராயன் வெறுங்காலோடு முன்னால் போய் நின்றிருந்தார். பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அவரும் வேம்புலியும் பழைய கூட்டாளிகள்.

கங்காதரன் ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "முதல்ல ஆடிடலாம்," என்றார்.

கோதண்டத்தின் முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவதில் பந்து மரத்தில் பட்டு வாய்க்காலை நோக்கி உருண்டது. போய்ப் பார்த்தால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு புல் மேட்டின் உச்சியில், தட்டில் வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கங்காதரனின் பந்து நன்றாகப் பறந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் பாதி புதைந்திருந்தது. அதை வெளியே எடுக்க அவருக்கு மூன்று அடி ஆனது.

முதல் குழி கோதண்டத்துக்கு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு எடுக்க அனுமதி இருந்தது.

இரண்டாவதும் அவருக்கு.

மூன்றாவது குழியில் கங்காதரனின் பந்து மூன்றாவது முறையாகக் குளம்புப் பள்ளத்தில் கிடந்தது. இந்த மைதானத்தில் இத்தனை மாடுகள் மேய்கின்றன என்பது கோதண்டத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் குழியும் கோதண்டத்துக்கே போனது.

மூன்றுக்குப் பூஜ்யம். காகிதத்தில் எழுதிய கணக்கு போய்விட்டது. இனி மிச்ச மூன்றையும் தோற்றால் சமம் ஆகும்.

நாலாவதில் கோதண்டம் தெரிந்தே தவறாக நின்றார். வேம்புலி சொன்னது எல்லாவற்றுக்கும் நேர்மாறாகத் தலையைத் தூக்கி அடித்தார். பந்து அவர் நினைத்ததுபோலவே வலது பக்கத்து உண்ணிப் புதருக்குள் போனது. மூன்று வாரத்தில் அவர் நினைத்த இடத்துக்குப் போன முதல் பந்து அது.

புதரை நெருங்கியபோது பந்து வெளியே இருந்தது. மணல் தட்டிய இடத்தின் ஓரத்தில், குழியிலிருந்து இரண்டு முழத்தில்.

"பிரமாதம்," என்றார் கங்காதரன். மனம் நிறைந்து சொன்னதுபோல் இருந்தது.

கோதண்டம் வேம்புலியைப் பை பக்கமாக இழுத்தார்.

"என்னய்யா பண்றே? நான் தோக்கணும்."

"நான் உன் பக்கத்துலயேதானே கீறேன். என் காலும் இங்கதானே கீது." வேம்புலி முன்னால் நின்றவரைப் பார்த்தார். "அது அவன் காலு."

செங்கல்வராயனின் கால் அந்த மைதானத்தில் பேர் பெற்றது என்று வேம்புலி விளக்கினார். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பந்தைப் பிடித்துவிடுவார். குனிய மாட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே பத்தடி நடந்து வேண்டிய இடத்தில் வைப்பார். அப்படியே வேண்டாத பந்தை மிதித்துப் புதைப்பார். துரைமார்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை.

"அவன் மானேஜர் ஆளு. எனக்கு எதுக்கு செய்யணும்?"

"அதான் எனக்கும் புரியல. நான் இட்டுக்கினு வந்த ஆளுன்னு பாசமா இருக்கும்."

பாசத்தை நிறுத்தச் சொல்லிக் கோதண்டம் அனுப்பினார். வேம்புலி தண்ணீர் குடிக்கப் போவதுபோல் முன்னால் போனார். இரண்டு பேரும் மரத்தடியில் நின்று பேசினார்கள். வேம்புலி திரும்பி வந்தார்.

"சொன்னேன். முடியாதுன்றான்."

"ஏன்?"

"அதையும் கேட்டேன். ஆட்டம் முடியட்டும்னான்."

ஐந்தாவது குழி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நின்ற இடத்திலிருந்து தெரியாது. கோதண்டம் மேட்டைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் ஒரு குட்டை இருந்தது. உடம்பை அதை நோக்கித் திருப்பினார். கங்காதரன் அதைக் கவனித்தார். கோதண்டம் அடித்தார். பந்து குட்டைப் பக்கம் சரிந்து மறைந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதுபோலக்கூட இருந்தது.

மேடு ஏறி இறங்கினார்கள். செங்கல்வராயன் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பந்து குழிக்குள் இருந்தது. ஈரமாக இருந்தது.

ஒரே அடி.

கங்காதரன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். முப்பது வருடம் ஆடுகிறார், தனக்கு ஒரு தடவைகூட இது வாய்த்ததில்லை என்றார். வேம்புலி தரையைப் பார்த்தார்.

கோதண்டத்துக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வசந்தகுமாரி தன் தங்கைக்குக் கடிதம் எழுதி, தபாலில் போடாமல் வைத்திருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை ஆர்டர் வந்த செய்தியையும் சேர்த்து எழுதிப் போடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வலி தாங்கவில்லை, ஆறாவதை விட்டுவிடலாம், அதை மானேஜருக்கே எழுதிக்கொள்ளலாம் என்றார். வலி உண்மைதான்.

கங்காதரன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார்.

"அதெல்லாம் முடியாது. இதையும் நீங்க ஆடணும். பாதியில விட்டா எனக்குத்தான் உறுத்தும்."

ஆறாவது குழியில் கோதண்டம் பதினோரு அடி எடுத்தார். வேண்டுமென்றே அடித்தது எது, தானாகப் போனது எது என்று அவருக்கே தெரியவில்லை. கங்காதரனின் பந்து குழியிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. அவர் அதைத் தட்டினார். தவறியது. மறுபடி தட்டினார். தவறியது. குழியைச் சுற்றி ஒரு முழத்துக்குள்ளேயே அவர் எட்டு முறை தட்டியதைக் கோதண்டம் பார்த்துக்கொண்டு நின்றார். செங்கல்வராயன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆறுக்குப் பூஜ்யம்.

கங்காதரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே விடவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல காலை என்றார். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகத் தன் அறைக்கு வரச் சொன்னார். ஷூ மாற்றிக்கொள்ளக் கார் பக்கம் போனார்.

கோதண்டம் வேலி ஓரத்துக்கு நடந்தார். செங்கல்வராயன் அங்கே உட்கார்ந்து, கால் விரல்களிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வேம்புலி பையோடு பின்னால் வந்து நின்றார்.

"என் பதினாலு வருஷத்து சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு வழி பொறந்துது. அதை நீ காலாலேயே மிதிச்சுட்டே," என்றார் கோதண்டம். குரலை உயர்த்தவில்லை. "உன்னை யாருய்யா என்னை ஜெயிக்க வைக்கச் சொன்னது?"

செங்கல்வராயன் குச்சியைக் கீழே போட்டார்.

"உங்க தொரதான் சார். வேலையத்தான் லட்சுமணன்னு யாருக்கோ குட்த்தாச்சு, ஆட்டத்தையாவது இந்த மன்சன் ஜெயிச்சுக்கினு போவட்டும்னாரு."